அரிசியில் போட்ட சிலுவை

ஜனவரி 17

இன்றும் நான் எழுவதற்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஓடையிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது, விறகு பிளந்தாயிற்று, தேநீருக்கு வெல்லம்கூடத் தட்டி வைத்தாயிற்று. எல்லாம் கிமா அண்ணன் வேலை. "தலைவி தூங்கட்டும்னு சத்தம் போடாம செஞ்சேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நாங்கள் நான்கு பேர் மிசோரமின் ஐஸ்வாலிலிருந்து அசாமின் இந்தக் கார்பி மலைக்கு ஊழியத்துக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. சியாமி மருந்துப் பெட்டிக்கு, முவானா கிதாருக்கு, நான் தலைமைக்கு. கிமா எதற்கு? ஏற்கெனவே இரண்டு முறை குழுவை நடத்தியவர். இந்த முறை அவரைச் சும்மா உறுப்பினராக்கிவிட்டு, ஒரு முறைகூட நடத்தாத என்னைத் தலைவி ஆக்கியிருக்கிறது சபைக் கமிட்டி. வயிறு எரியாமலா இருக்கும்? வயிறு எரிகிறவர் எனக்கு எதற்குத் தண்ணீர் சுமக்கிறார்?

சொல்லாமல் கொள்ளாமல் அடுத்தவர் வேலையைச் செய்வதுதான் மிசோக்காரனுக்கு அழகு என்று எனக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். ஆனால் தலைவி கண் விழிப்பதற்கு முன்னால் தினமும் செய்தால்? முவானாவும் சியாமியும் பார்க்கச் செய்தால்?

ஜனவரி 19

வழியனுப்பு ஆராதனையில் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு தைரியமாக இரு, முதல் தடவை அப்படித்தான் இருக்கும் என்றார்கள். எப்படி இருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கமிட்டிச் செயலாளர் ஐயா சொன்னதில் ஒன்று மட்டும் மனசில் நிற்கிறது: தலைமை தளர்ந்தால் குழு கலையும்.

அதனால்தான் வந்த அன்றே நான் தளரவில்லை. ஊர்த்தலைவர் சார்சிங் வீட்டில் எங்களை உட்காரவைத்து, அவர் மனைவி காரெங் சுரைக்குடுக்கையில் அரிசிக் கள்ளை நீட்டினாள். முதலில் எனக்குத்தான். நான் கையால் தள்ளி, எங்கள் சபையில் இது கிடையாது என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் பாயில் சிந்தியது. சாட்சி என்றால் அதுவல்லவா சாட்சி! முவானாவும் சியாமியும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கிமா மட்டும் நனைந்த பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரட்சிக்கப்படும் முன் கிமா பெரிய குடிகாரர். ஊருக்கே தெரியும், அவரே மேடையேறிச் சொல்லியிருக்கிறார். பாயைப் பார்த்தாரா, பாயில் சிந்தியதைப் பார்த்தாரா?

ஜனவரி 20, ஞாயிறு

ஆராதனைக்கு நாங்கள் நான்கு பேர், ஒரு நாய். நாயும் காணிக்கைப் பாட்டுக்கு முன்பே எழுந்து போய்விட்டது.

ஜனவரி 23

பள்ளிக்கூடம் நடத்த ஊர்க்கூடத்தைக் கேட்டிருந்தோம். சார்சிங் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆம் என்றும் சொல்லவில்லை. அவர் வாய் திறக்காமல் ஒரு பிள்ளையும் வராது. சியாமி மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்டுகிறாள். புளித்த பன்றிக் கொழுப்பு போட்டுக் குழம்பு வைத்தோமே, அந்த நாற்றத்துக்குத்தான் யாரும் கிட்ட வரவில்லை என்கிறாள். இருக்கலாம். இவர்கள் கருவாட்டு நாற்றத்துக்கு நாம் ஓடிப்போனோமா?

பிள்ளைகள் வரவில்லை என்றால் மார்ச் மாதக் கடைசியில் எந்த முகத்தோடு திரும்புவேன்? பெண்ணைத் தலைவியாக்கினால் இப்படித்தான் என்பார்கள். அடுத்த பெண்ணுக்கும் சேர்த்து நானே கதவைச் சாத்தியது போல ஆகும்.

ஜனவரி 25

கிமா சாயங்காலமானால் காணாமல் போகிறார். எங்கே என்று கேட்டால், "சும்மா, ஊர்த்தலைவர் வீடு வரைக்கும்."

சும்மாவா? தலைவி நான் இருக்க, ஊர்த்தலைவரிடம் இவருக்கு என்ன தனிப்பேச்சு?

ஜனவரி 28

இன்று அந்த வீட்டுப் பக்கமாகப் போனேன். வேண்டுமென்றுதான் போனேன், யாரிடம் மறைக்க வேண்டும். மூங்கில் மேடையில் சார்சிங், காரெங், நடுவே கிமா. ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். காரெங் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கிமா உடனே எழுந்து, "வாங்க தலைவி" என்று இடம் விட்டார். நான் உட்காரவில்லை.

என்னைப் பற்றித்தான் பேசினார்கள்.  கிமா தட்டுத்தடுமாறிப் பேசும் அசாமியில் ஸுவாலி, ஸுவாலி என்று இரண்டு தடவை காதில் விழுந்தது. பெண் என்று அர்த்தம், என்னைத்தான்.

ஜனவரி 30

கிமா மேல் கள் வாசனை.

ஜனவரி 31

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டையில்தான் அடித்தது, வாயில் அல்ல என்று நினைக்கிறேன். நினைக்கத்தானே முடியும், முகர்ந்து பார்க்கவா முடியும்? பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. சரி. பால் குடிக்கிறவனுக்குப் பனைமரத்தடியில் என்ன வேலை?

சியாமியிடம் சாடையாகக் கேட்டேன். அவளுக்குச் சளி, ஒன்றும் தெரியவில்லையாம். அவளும் அவர் பக்கமோ?

பிப்ரவரி 2

இன்னொன்று. எழுதவே கை கூசுகிறது.

வீட்டில் அம்மா ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துக் கர்த்தருக்கென்று தனியாக வைப்பாள். எங்கள் ஊரில் எந்த அடுப்படியிலும் அப்படித்தான். அந்தப் பிடியரிசியைச் சபையில் சேர்த்து விற்றுத்தான் எங்களை இங்கே அனுப்பியிருக்கிறார்கள். நாங்களும் இங்கே விடாமல் எடுத்து ஒரு பால்மாவுத் தகரத்தில் போட்டு வைக்கிறோம். போகும்போது கீழே இருக்கும் சபைக்குக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு நாளில் தகரம் வழிய வேண்டும். பாதிகூட இல்லை.

எலி என்றால் மூடியைத் திறந்து எடுத்துவிட்டு மறுபடி மூடி வைக்குமா?

பிப்ரவரி 4

யார் கை வைத்தாலும் தெரிய, அம்மா உப்புப் பானைக்குச் செய்வதையே செய்தேன். அரிசியை நிரவி, மேலே விரலால் ஒரு சிலுவை போட்டு மூடினேன். சாயங்காலம் கிமா கிளம்பிப் போனபின் திறந்தேன்.

சிலுவை கலைந்திருந்தது. ஒரு கை அள்ளிய குழி.

பிப்ரவரி 5

இன்றும் சிலுவை. இன்றும் குழி.

கர்த்தரின் அரிசி போகிறது, கள் வாசனை வருகிறது. இரண்டையும் கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டுமா? அரிசி கொடுத்துக் கள் வாங்கிக் குடிக்கிறான். ஆண்டவரே, என் அம்மா பசியோடு இருந்த நாளிலும் எடுத்து வைத்த அரிசி அது.

பிப்ரவரி 7

ஊர்க்கூடத்தைத் திறந்துவிட்டிருக்கிறார் சார்சிங்! காலையில் நாலைந்து பிள்ளைகள் தாமாகவே வந்து உட்கார்ந்தார்கள். முவானாவின் கிதாரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்தேன், வீண் போகவில்லை.

கிமா தூரத்தில் கூரைக்கு ஓலை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஏதோ வேலை முடிந்ததுபோல் தலையை ஆட்டினார். இவர் என்ன எனக்கு மார்க் போடுவது?

பிப்ரவரி 10, ஞாயிறு

கூடம் பாதி நிரம்பியது. காரெங்கூட வந்து வாசலோரம் நின்றாள். சியாமியிடம் புண்ணுக்கு மருந்து போடப் பெண்கள் வருகிறார்கள்.

எல்லாம் கூடி வரும்போது இவர் ஒருவர் குடித்துவிட்டு விழுந்து கிடந்தால் போதும், ஒரே நாளில் போய்விடும். மிசோ ஊழியக்காரன் கள்ளுக்கு அரிசி திருடினான் என்று மலை முழுக்கப் பேசுவார்கள். கமிட்டி கேட்கும்: தலைவி என்ன செய்துகொண்டிருந்தாள்?

பிப்ரவரி 12

கேட்டுவிட்டேன். ஓடைக்கரையில், தனியாக.

"கிமா அண்ணே, உங்க மேல கள்ளு வாசனை வருது."

"வரும். அந்த வீட்டுல பாய், சுவரு, எல்லாமே அந்த வாசனைதான்."

"குடிச்சீங்களா?"

"இல்ல."

"அப்ப தினமும் எதுக்கு அங்க போறீங்க?"

 பானையைக் கழுவினார். கழுவின பானையை மறுபடி கழுவினார். அரிசி யார் எடுக்கிறது என்றும் கேட்டேன். "நான்தான்" என்றார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. எதுக்கு என்றேன். "இன்னும் கொஞ்ச நாள், தலைவி. அப்புறம் போக மாட்டேன். இப்ப எதுவும் கேக்காதீங்க."

குடிகாரன் எல்லோரும் சொல்வது அதைத்தானே, இன்னும் கொஞ்ச நாள் என்று?

பிப்ரவரி 13

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிச் செயலாளர் ஐயாவுக்குப் போன் செய்தேன். கள் வாசனையைச் சொன்னேன், அரிசியையும் சொன்னேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்லவைத்தார். பிறகு, "நீதாம்மா தலைவி. நீ உறுதியாச் சொன்னா வெள்ளிக்கிழமை சந்தை ஜீப்புல அவனை அனுப்பிடு. உறுதிதானே?"

உறுதி என்றேன்.

 

பிப்ரவரி 14

சொல்லிவிட்டேன். கிமா கத்துவார், முவானாவைத் துணைக்கு இழுப்பார் என்று நினைத்தேன். "சரி" என்று மட்டும் சொன்னார். கொஞ்சம் கழித்து, சாயங்காலம் ஒரு தடவை சார்சிங் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரட்டுமா என்றார். கூடாது என்றேன்.

வாசலில் உட்கார்ந்து அந்த வீட்டுத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். தகரத்தில் சிலுவை கலையவில்லை.

பிப்ரவரி 15, வெள்ளி

காலையில் ஜீப் போய்விட்டது. ஜீப் வருவதற்குள் தண்ணீர் நிரப்பி, விறகு பிளந்து வைத்துவிட்டுத்தான் ஏறினார். போகிற நாளிலும் விடமாட்டார். சியாமி அழுதாள், என்னோடு பேசவில்லை.

பொழுது சாயும்போது சார்சிங்கும் காரெங்கும் வந்தார்கள். இந்த வீட்டுக்கு அவர்கள் வருவது இதுதான் முதல் தடவை. காரெங் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நேத்து நீ ஆள் அனுப்பல" என்றாள். "இன்னிக்கும் அனுப்பல. சரி, பொண்ணுக்கு உடம்புக்கு என்னவோன்னு இவரையும் கூட்டிட்டு வந்தேன்."

நான் எங்கே ஆள் அனுப்பினேன்?

சார்சிங் சொல்லச் சொல்லத்தான், எனக்குத் தெரிந்த அரைகுறை அசாமியில் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கியது. கிமா தினமும் போய், எங்கள் தலைவி அனுப்பினாள், சௌக்கியமா என்று கேட்டுவரச் சொன்னாள் என்பாராம். வெறுங்கையோடு வரக்கூடாதென்று தலைவி கொடுத்துவிட்டது என்று ஒரு பிடி அரிசி வைப்பாராம்.

"முதல் நாள் என் வீட்டுக் குடுக்கைய நீ தள்ளின" என்றார் சார்சிங். "எங்கப்பன் காலத்துலருந்து அந்தக் குடுக்கைய யாரும் தள்ளினதில்ல. அன்னிக்கே உங்களைப் போகச் சொல்லலாம்னு இருந்தேன். உங்காளுதான் மறுநாளே வந்தான். தலைவி புதுசு, பயத்துல கை பட்டுடுச்சு, மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்கன்னான். சரி, ஆளு விட்டுக் கேக்கறாளே, நல்ல வீட்டுப் பொண்ணுதான்னு நினைச்சேன்."

பொய். தினமும் என் பேரில் ஒரு பொய். ஒரு ஊழியக்காரர், எனக்காக.

அவர் குடித்தாரா என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. காரெங் சிரித்தாள். "எங்க குடிச்சான்? வாங்குவான், நெத்தியில தொடுவான், திருப்பிக் குடுத்துடுவான். எங்களுக்கு அது போதும், வாங்கறதுதான் மரியாதை. ஆனா வாங்கறப்ப ஒவ்வொரு தடவையும் கை நடுங்கும் அவனுக்கு. சட்டையில சிந்திக்குவான். ஏன்டா நடுங்குதுன்னா சொல்லமாட்டான்."

எனக்குத் தெரியும் ஏன் என்று. சபைக்கே தெரியும். விட்டு ஒழித்த சாமானை மூக்கருகே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார், ஒவ்வொரு சாயங்காலமும், நான் தள்ளிய குடுக்கைக்காக.

காரெங் முந்தியை விலக்கி அதே குடுக்கையை எடுத்தாள். நீ அனுப்பிய அரிசியில் வடித்தது, நல்ல அரிசி, நன்றாகப் பொங்கியது என்றாள். அம்மா எடுத்துவைக்கிற அதே பிடியரிசி கள்ளாகி நுரைத்துக்கொண்டிருந்தது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை, இரண்டும் வந்தது. இரு கையாலும் வாங்கி நெற்றியில் தொட்டுக் கொடுத்தேன். என் கையும் நடுங்கியது. காரெங், இவளுக்கும் அதே வியாதி என்றாள்.

பிப்ரவரி 16

விடிந்ததும் மேட்டுக்கு ஓடினேன். செயலாளர் ஐயா கேட்டுவிட்டு, "அவன் வந்துக்கிட்டிருக்கான். இங்க நாலு பேருக்குத் தெரிஞ்சும் போச்சு. இப்ப நான் போன்ல சொல்லி என்ன? நீயே ஏப்ரல் கூட்டத்துல வந்து எல்லாருக்கும் முன்னால சொல்லு" என்றார்.

சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

பிப்ரவரி 17, ஞாயிறு

கூடம் நிறைந்திருந்தது. உபவாசத்தால் நிறைந்தது என்று எழுதினேனே! அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமென்று பார்த்தேன். கிழிக்கவில்லை, இருக்கட்டும்.

மார்ச் 5

சாயங்காலமானால் நானே போகிறேன். ஒரு பிடி அரிசியோடு. காரெங் தினமும் கேட்கிறாள், உன் ஆள் எப்போது வருவான் என்று. தண்ணீர் எடுக்க இருட்டோடு எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு கனமாக இருக்கிறது அந்தப் பானை.

ஏப்ரல் 11

கூட்டத்தில் சொன்னேன். எழுதிக்கொண்டு போனதை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது, கிமா குடிக்கவில்லை, என் அவமானத்தை மூடப் போனார் என்றேன். ஒருவர் எழுந்து, எல்லாம் சரி, கர்த்தரின் பிடியரிசி கள்ளாகிவிட்டதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார். அரை மணி நேரம் அதிலேயே போயிற்று. கடைசியில் பெண்கள் சங்கத்து ரொதாங்கி அம்மாதான், "நாங்க எடுத்து வைக்கிறது ஊழியத்துக்குத்தானே? ஊழியம் நடந்துச்சா இல்லையா?" என்றார். அதோடு கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போயிற்று.

கிமா கடைசி வரிசையில் இருந்தார். வெளியே தேநீர் கொடுக்கும் இடத்தில் பிடித்துக்கொண்டேன். "ஏன்ணே சொல்லல? ஓடைக்கரையில கேட்டேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அந்த ஊர்ல தலை நிமிர்ந்து ஒரு பாட்டுச் சொல்லிக் குடுத்திருப்பீங்களா? முதல் தடவை நானும் தலைவனாப் போய்க் கூத்தடிச்சவன்தான். யாரோ மூடிவிட்டாங்க." தேநீரை ஆற்றினார். "ஆனா சொல்லித்தான் இருக்கணும். நீங்க அவ்வளவு தூரம் போவீங்கன்னு தெரியல. அது என் தப்பு."

அவர் தப்பாம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் சந்தையில் ஒருத்தி, கிமா மறுபடி குடிக்கிறானாமே என்று என்னிடமே கேட்கிறாள். இல்லை என்று நின்று விளக்கினேன். நம்பின மாதிரி தெரியவில்லை. ஒரு போனில் சொன்னதை வீடு வீடாகப் போய்த் திருப்பி வாங்க வேண்டியிருக்கிறது.

ஜனவரி 21

இந்த வருஷம் வேறு மலை, வேறு ஊர். தலைவி ரெமி. இவளுக்கு முதல் தடவை. நான் உறுப்பினர், நானே கேட்டு வாங்கிக்கொண்டது. முதல் நாள் ஊர்த்தலைவர் வீட்டில் கொடுத்த குவளையை ரெமி வாங்கித் தன் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தாள். சுத்தக்காரி. அந்த வீட்டு அம்மா முகம் போன போக்கை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஒரு பிடி அரிசியோடு அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன். ரெமி என்னைக் கடைக்கண்ணால் பார்க்கிறாள். நான் வந்தால், இந்த முறையும் வந்திருக்கும் சியாமியோடு பேச்சை நிறுத்துகிறாள். நேற்று கிமா போனில், புதுத் தலைவி எப்படி என்று கேட்டார். என்னைச் சந்தேகப்படுகிறாள் என்றேன். "அப்ப நல்லாத்தான் வேலை செய்யுது" என்று சிரித்தார். அவர் அடுத்த மாதம் சார்சிங் ஊருக்குப் போகிறார். தலைவராகத்தான்.

இன்று பொழுது சாயும்போது பிடியரிசித் தகரத்தைத் திறந்தேன். அரிசி நிரவியிருந்தது. மேலே விரலால் போட்ட ஒரு சிலுவை. எல்லார் அம்மாவும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்திருக்கிறார்கள்.

மூடினேன். வெளியே போய், "தலைவி, ஒரு வீட்டுக்குப் போகணும், நீங்களும் வாங்க" என்றேன்.

"எதுக்கு?" குரலிலேயே கத்தி இருந்தது.

"நடக்கறப்ப எல்லாம் சொல்றேன். வெறுங்கையோட போகக் கூடாது. அந்தத் தகரத்துலருந்து ஒரு பிடி அரிசி நீங்களே எடுத்துக்குங்க."

ரெமி என்னைப் பார்த்தாள். தகரத்தைப் பார்த்தாள். மெல்லத் திறந்து, தான் போட்ட சிலுவைக்குள் தானே கையை விட்டு அள்ளினாள். அவள் காதெல்லாம் சிவந்துவிட்டது. நான் செருப்பைத் தேடுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.